மொட்டு வெடிக்க முன்

மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை எங்கள் பக்கத்து றோட்டுகளில் ‘ஹாஃப் லோட்’ நடைமுறையில் இருக்கும். ஒரு அச்சுக்கு ஐந்து தொன்னுக்கு மேல் பாரம் ஏற்றிய லொறி ஓடக்கூடாது. வின்ரர் முழுக்க உறைந்து கிடந்த மண் மேலிருந்துதான் இளகத் தொடங்கும். இளகிய தண்ணீர் கீழே இறங்கப் பார்த்தால் அங்கே இன்னும் ஐஸ். போக வழியில்லாமல் றோட்டுக்கு அடியில் கூழாகத் தேங்கி நிற்கும். அதன்மேல் கொங்கிறீற் லொறி ஏறினால் றோட்டு வெடித்துப் பள்ளமாகிவிடும். ஆகவே, வருடத்தில் இந்த இரண்டு மாதமும்தான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்டர்ஜன் ஏரிக் கரையில் பெரிய கட்டட வேலைகள் ஓய்ந்திருக்கும். மே பிறந்ததும் கல்லும் மணலும் கூரை மரமும் வரிசையில் வந்துவிடும்.

எனக்கு இந்த இடைவெளி மிகவும் பெறுமதியானது. மரங்களில் இலை இல்லை, ஸ்னோ கரைந்து ஓடுகிறது. எந்த வளவிலிருந்து எவ்வளவு தண்ணீர், என்ன நிறத்தில் ஏரிக்குள் இறங்குகிறது என்று ஒழுங்கை வழியே நடந்தாலே தெரிந்துவிடும். கோடையில் எல்லாம் பச்சைக்குள் மறைந்துவிடும்.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு இங்கே நிரந்தரமாக வந்தது கோவிட் காலத்தில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டர்ஜன் ஏரி மூன்று கைகள் கொண்டது. வடக்குக் கை ஃபெனலன் ஃபோல்ஸுக்கும், தெற்குக் கை லின்ட்ஸே பக்கமும், கிழக்குக் கை பொப்கேஜனுக்கும் போகிறது. ஒன்ராறியோ ஏரிக் கரையில் ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் குடாவரை 386 கிலோமீற்றர் ஓடும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் இதுவும் ஒரு கண்ணி. ஆழம் அதிகமில்லாத ஏரி. சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் பாசி பிடிக்கும்.

இந்த வருடமும் முதலில் வந்தது தோளில் சிவப்புப் பட்டை போட்ட கறுப்புக் குருவிகள்தான். கரையோரக் கோரைப் புல்லில் ஆண் குருவிகள் ஆளுக்கொரு தண்டைப் பிடித்துக்கொண்டு, இது என் இடம் என்று கத்துகின்றன. ஐஸ் இப்போது சாம்பல் நிறம் மாறிக் கறுத்துவிட்டது. கறுத்த ஐஸில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் உள்ளே செங்குத்தான குச்சி குச்சியாகப் பிரிந்திருக்கும், காற்றடித்தால் கரையில் வந்து கலகலவென்று உதிரும். இரவில் உறைந்து பகலில் இளகுகிற இந்த நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் இனிப்புச் சாறு இறங்கும். ஒரு லீற்றர் மேப்பிள் பாணிக்கு நாற்பது லீற்றர் சாறு காய்ச்ச வேண்டும். உள்ளே காட்டில் தேங்கிய குட்டைகளில் காட்டுத் தவளைகள் சத்தம் போடத் தொடங்கிவிட்டன. வின்ரர் முழுக்க சருகுக்கு அடியில் உடம்பே உறைந்து, இதயத் துடிப்பும் நின்றுபோய்க் கிடந்த உயிர்கள் அவை. ஐஸ் விலகியதும் எழும்பி வந்து முட்டை இடுகின்றன.

ஏப்ரலில் பொப்கேஜன் பாலத்துக்குப் போனால் வால்ஐ மீன்கள் முட்டையிட வருவதைப் பார்க்கலாம். இரவில் டோர்ச் அடித்தால் கண்கள் மின்னும். ஊர்ச் சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கும், ஆனால் தூண்டில் போடக்கூடாது. மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வரை அந்த மீனைப் பிடிக்கத் தடை. ஓடுகிற தண்ணீரில், சுத்தமான கற்களுக்கு இடையில்தான் அது முட்டை போடும். கல்லில் சேறு படிந்தால் முட்டைக்குக் காற்றில்லை, குஞ்சு பொரிக்காது.

சேறு என்றதும் சொல்ல வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு பெரிய வளவு. கடந்த இலையுதிர் காலத்தில் அதைத் தண்ணீர்க் கரை மட்டும் மொட்டையடித்துவிட்டார்கள். சீடர், பேர்ச், கீழே நின்ற பற்றை எல்லாம் போய்விட்டன. ஒப்புக்கு ஒரு கறுப்புத் துணி வேலி, சேறு தடுக்கவென்று அடித்திருந்தார்கள். ஸ்னோவின் பாரத்தில் அது நடுவே சரிந்து விழுந்துகிடக்கிறது. போன வாரம் நல்ல வெயில். அந்த விழுந்த இடத்துக்கு மேலால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நெளிந்து வந்து, கரையோரம் ஐஸ் விட்ட இடைவெளிக்குள் இறங்கியது. கையில் அள்ளிப் பார்த்தேன். உள்ளங்கையில் மாப் போன்ற நைஸ் மண் தங்கியது. அதற்குப் பக்கத்து வளவில் கொட்டேஜ் என்கிற பழைய கோடை வீடு ஒன்று அறுபதுகளில் கட்டினபடியே மரங்களுக்குள் நிற்கிறது. அங்கேயும் ஸ்னோ கரைகிறது, ஆனால் சருகுக்குள்ளும் வேருக்குள்ளும் ஊறிப்போய், ஏரிக்கு வருவது தெளிந்த தண்ணீர். ஒரே நாள், ஒரே சரிவு, ஒரே வெயில்.

அந்த நைஸ் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பொஸ்பரஸ் ஏரிக்குள் போகிறது. அதுதான் பாசிக்கு உரம். ஒரு லீற்றர் தண்ணீரில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் பாசித் தொல்லை தொடங்கும் என்று ஒன்ராறியோ வரையறை வைத்திருக்கிறது. மாகாண அரசின் லேக் பார்ட்னர் திட்டத்தில் நானும் ஒரு தொண்டர். மே முதல் ஒக்டோபர் வரை படகில் ஒரே இடத்துக்குப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து அனுப்புவேன். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, சாப்பாட்டுக் கோப்பையளவு கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது, தூக்கும்போது எங்கே திரும்பத் தெரிகிறது என்று குறித்துக்கொள்வேன். படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை என்று நினைக்க வேண்டாம். கயிறு பிடிக்கத் தெரிந்தால் போதும்.

புதிதாக ஆட்கள் வருவதில் எனக்குக் கோபமே இல்லை. நாங்களும் வந்தவர்கள்தானே. 2019 டிசம்பரில் நெடுஞ்சாலை 407ஐக் கிழக்கே 35/115 நெடுஞ்சாலை வரை நீட்டினார்கள். பிக்கரிங்கின் புரொக் றோட்டுக்குக் கிழக்கே 2025 ஜூனிலிருந்து கட்டணமும் இல்லை. மார்க்கம் நகரிலிருந்து ஏறினால் லின்ட்ஸேக்குத் திரும்புகிற இடம்வரை தங்குதடையில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று வந்த பிறகு, கோடைக்கு மட்டும் திறந்த கொட்டேஜ்கள் வருடம் முழுக்க ஆள் வாழும் வீடுகளாகிவிட்டன. இரண்டு மாதப் பாவனைக்கு வெட்டிய செப்ரிக் ராங்கி, அதாவது கழிவுத் தொட்டி, பன்னிரண்டு மாதமும், மூன்று பாத்றூமுக்கும் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் சமையலறைக் கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள், ராங்கி எங்கே இருக்கிறது என்று கேட்பது குறைவு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வீடு தண்ணீரிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கங்களில் பொதுவான விதி. அதைக் குறைக்கச் சொல்லி நகரசபைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மொட்டையடித்த வளவுக்காரர் இப்போது அதைத்தான் கேட்டிருக்கிறார். அறுபது மீற்றருக்குள் இருப்பதால் எங்களுக்கும் அறிவித்தல் கடிதம் வந்தது. முந்தியென்றால் குழுவின் முடிவு பிழை என்று பட்டால் அயலவர் மேன்முறையீடு செய்யலாம். 2022இல் வந்த பில் 23 என்ற மாகாணச் சட்டம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. ஏரியையும் ஆற்றையும் காக்கிற அதிகாரசபைகள் மாசு பற்றிக் கருத்துச் சொல்வதையும் அதே சட்டம் மட்டுப்படுத்தியது. ஆகவே குழுவுக்கு எழுதிக் கொடுப்பதும் விசாரணை நாளில் போய்ப் பேசுவதும்தான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற வழி. கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிகிறேன். விழுந்துகிடக்கிற வேலியையும் கலங்கல் தண்ணீரையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அவற்றோடுதான் போவேன்.

இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்துப் பிஜன் ஏரியில் காட்டரிசி விளைகிறது. கேர்வ் லேக் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அறுவடை செய்கிற உணவு. படகுக்கும் நீச்சலுக்கும் இடைஞ்சல் என்று கரையோர வீட்டுக்காரர் சிலர் அதை வெட்டி அகற்றக் கேட்டது பெரிய பிரச்சினையானது. நிலத்தையும் வேட்டை, மீன்பிடி உரிமையையும் பறித்த 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கையில் அந்த மக்களுக்கு நடந்த அநியாயத்துக்கு 2018இல்தான் அரசுகள் மன்னிப்புக் கேட்டு, ஏழு சமூகங்களுக்கும் 1.1 பில்லியன் டொலர் இழப்பீடு வழங்க இணங்கின. 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு உடுத்த உடுப்போடு எழும்பிய குடும்பம் எங்களுடையது. வளவின் உறுதி கையில் இருந்தும் வாசலில் கால் வைக்க முடியாமல் வருடக்கணக்காக இருந்தோம். அந்த வலி தெரிந்த நாங்கள் இந்தக் கரையை, காசு கொடுத்தேன், என் இஷ்டம் என்று பார்க்கக்கூடாது.

எங்களுக்கு மற்றப் பக்கத்து வளவை ஒரு தமிழ்ப் பெடியன் வாங்கியிருக்கிறான். மார்க்கத்தில் வேலை, சின்னப் பிள்ளைகள் இரண்டு. போன ஞாயிறு வந்து கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அன்ரி, இந்தப் பற்றையெல்லாத்தையும் எடுத்துப்போட்டுப் புல்லு போடலாம் எண்டு இருக்கிறன். தண்ணி தெரியாட்டி லேக்கில வீடு வாங்கி என்ன பிரயோசனம்?”

“தம்பி, வாரும், ஒண்டு காட்டுறன்” என்று ஒழுங்கை முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மொட்டை வளவுத் தண்ணீரையும் பழைய கொட்டேஜ் தண்ணீரையும் இரண்டு போத்தலில் அள்ளிக் கையில் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“அப்ப பாதையே விடக்கூடாதோ?”

“ஏன் விடக்கூடாது? இறங்கிறதுக்கு ஒரு ஒடுக்கப் பாதை விடும். மற்றதை நிற்க விடும். வெறுமையா இருக்கிற இடத்தில சிவத்தக் கம்பு டொக்வுட் நடலாம். என்ர வளவில வேண்டிய மட்டும் நிக்குது. மொட்டு வெடிக்க முன்னம் வெட்டி ஈர மண்ணில ஊண்டினால் வேர் பிடிக்கும், எங்கட ஊர்க் கதியால் மாதிரி.”

அவன் கனடாவில் பிறந்தவன். கதியால் என்றால் என்னவென்று கேட்டான். வேலிக்கு ஊன்றினால் வேர் பிடித்துத் தழைக்கிற கம்பு என்று சொன்னேன். கிளுவை, பூவரசு, வேலியடைப்பு எல்லாம் சொல்லி முடிய அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கும் அன்ரி. வாற சனிக்கிழமை ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன். அவர் வீட்டில சும்மாதான் இருக்கிறார்.”

வெள்ளி பின்நேரமே கம்புகளை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கரைப் பக்கம் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது, குழி போட அலவாங்கு ஒன்று தேவைப்படும்.