பஸ் வசதி: உண்டு

உசிலம்பட்டியைத் தாண்டி, தேனி போகும் சாலையில் ஊர்ப்பாதை பிரிகிற ஒரு விலக்கு. அங்கே இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக இங்கே வீடு வீடாகப் போய் ஆள் கணக்கு எழுதியது நான்தான். பள்ளிக்கூட டீச்சருக்கு இந்த வேலை தானாக வந்து சேரும். 9ஆம் தேதியிலிருந்து 28 வரை, தினமும் பள்ளி விட்டதும் கிளம்பிவிடுவேன்.

அந்த இருபது நாளும் ஊர்ப்பக்கமே வராத ஆளை இங்கே எழுதக்கூடாது, அவர் இருக்கும் ஊரில் எழுதிக்கொள்வார்கள் என்பது விதி. எங்கள் ஊரில் பல வீட்டு ஆம்பளைகள் திருப்பூரில். இன்னும் சிலர் முறுக்கு போட ஆந்திராப் பக்கம்.

"எம் மகன் பேரையும் எழுதிக்க தாயி. சிவராத்திரிக்கு வந்துருவான்" என்று ஓர் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடம் சிவராத்திரி மார்ச் 2. கணக்கு பிப்ரவரி 28 ராத்திரியோடு சரி. முடியாது என்றேன்.

"தல கொறஞ்சா பஸ்ஸ நிப்பாட்டிப்புடுவாய்ங்க. நீ டீச்சரு, ஒனக்குத் தெரியாதா?"

சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பத்தா பயந்தது சும்மா இல்லை. 2000இல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேராவது இருக்கிற குடியிருப்புக்குத்தான் ரோடு என்று வைத்திருந்தது. அதற்கு எடுத்துக்கொண்டதும் 2001 கணக்கெடுப்பைத்தான். மார்ச் 2 அன்று குலசாமி கோயிலில் நிற்க இடமில்லை. அவ்வளவு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள், என் படிவத்தில்தான் இல்லை.

படிவத்தில் 29 கேள்விகள். வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று ஒன்று. சொந்தக் காட்டில் விவசாயம் பார்ப்பவரிடமும் காட்டு வேலைக் கூலிகளிடமும் அதைக் கேட்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அதிக வேலை வைக்கவில்லை. படிவத்தில் கொடுத்திருந்த பதில்களில் ரயிலும் இருந்தது. எங்கள் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தார்கள்! அகலப் பாதையாகி தேனி வரை திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். நடுவில் 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவில் தள்ளிப்போனது. ரயில் போனது என் கணக்குக்குச் சற்று முன்னால், வந்தது அதற்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில்.

அப்புறம், கணக்கெடுப்புக்காரர்கள் மாவட்டத்துக்கு ஒரு கையேடு போடுவார்கள். ஊரில் ஒரு வசதி இருந்தால் உண்டு. இல்லையென்றால் ஐந்து கிலோமீட்டருக்குள்ளா, பத்துக்குள்ளா, அதற்கும் மேலா என்று ஒரு குறி. எங்கள் ஊருக்கு எழுதினால் பஸ் 'உண்டு'தான். காலை ஏழேகால், மத்தியானம் ஒன்று, ராத்திரி எட்டரை. ஏழேகால் வராத நாளில் பிளஸ் டூ பிள்ளைகள் விலக்கு வரை நடக்கும். ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஏன் வரவில்லை என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரே பதில்தான். "கலெக்‌ஷன் இல்ல டீச்சர்." 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றானதும் ஏழேகாலில் ஏற இடமில்லை. அதுவரை விலக்குக்கு நடந்த பெண்கள்தான் எல்லோரும், புதிதாக யாரும் குடிவரவில்லை. காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

அடுத்த ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில் என்று போன வாரம் அப்பத்தாவிடம் சொன்னேன். சுருக்குப் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு கத்தை பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"இத எழுதிக்கிருவாகளா?"