நான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்

கவிதைத் தொகுப்பை வாங்குகிறவர் நான்காம் பக்கத்தில் நிற்பதில்லை. முதல் பதிப்பு மாதமும் ஆண்டும், பதிப்பகம், அச்சகம், ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண், விலை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், புரட்டிக்கொண்டு போய்விடுவார். போட்டிக்கு வந்த நூல்களைத் தகுதி பார்த்துப் பிரிக்கிறவருக்கோ அந்தப் பக்கம்தான் வாசல். மதுரையில் இருந்தபடி தொகுப்பு கொண்டுவந்து, கூட்டங்களில் வாசித்து, பரிசுக்கு அனுப்பி, இறுதிச் சுற்றுக் குறும்பட்டியலோடு நின்றும் போன வகையில் கைக்கு வந்த விவரங்களை எழுதுகிறேன். கவிதை எழுதுவதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

முதலில் தேதி. 48-ஆவது சென்னைப் புத்தகக் காட்சி 2024 டிசம்பர் 27-இல் தொடங்கி 2025 ஜனவரி 12 வரை நடந்தது. ஒரே அரங்கில் அடுக்கியிருந்த புது நூல்களில் சிலவற்றில் ‘முதல் பதிப்பு: டிசம்பர் 2024’ என்று இருக்கலாம், சிலவற்றில் ‘ஜனவரி 2025’. வாசகருக்கு இதில் வித்தியாசம் இல்லை. குறிப்பிட்ட ஓர் ஆண்டில் வெளிவந்த நூல்களை மட்டும் கேட்கும் பரிசுகளுக்கு வித்தியாசம் முழுக்க இங்கேதான். டிசம்பர் என்று அச்சான தொகுப்பு, ஜனவரியிலிருந்து பதினொரு மாதமாக மதிப்புரையும் கூட்டமும் கண்ட நூல்களோடு ஒரே பட்டியலில் நிற்கும். அதை அதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள். நூல் உண்மையில் ஜனவரியில்தான் கைக்கு வருகிறது என்றால், ‘ஜனவரி’ என்றே அச்சிடும்படி பதிப்பாளரிடம் கேளுங்கள். அச்சுத் தகடு (பிளேட்) போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டி மாற்றினால் சந்தேகம்தான் வரும்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழா அண்மை ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வருகிறது. அங்கே வெளியிட்டால் அதே ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது நூல் புழங்கும். ஆனால் சிவகாசியில் அச்சடிப்பதாக இருந்தால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். ஆடிப்பெருக்குக்கு, அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிவிட்டால், அதன்பின் டிசம்பர் வரை அங்குள்ள அச்சகங்களில் காலண்டர், டைரி வேலைதான் முன்னால் நிற்கும். ஐந்நூறு பிரதிக் கவிதை நூலை எடுத்துச் செய்ய ஆள் இருக்காது. ஆனி முடிவதற்குள் இறுதி பி.டி.எஃப். அச்சகத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தக் கவிதை, எந்த இதழுக்கு, எந்தத் தேதியில் போனது, எந்த மாத இதழில் எத்தனையாம் பக்கத்தில் வந்தது என நெடுக்காக நான்கு பத்தி போதும். நன்றிப் பக்கம் எழுதும்போதும், ‘இதழில் வெளிவராத கவிதைகள் மட்டும்’ என்று கேட்கும் போட்டிக்கு எடுக்கும்போதும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்ததற்கு அனுப்பலாம். மின்னஞ்சலின் உடலில் கவிதையை ஒட்டினால் வரி உடைந்து போய்ச் சேரும். வேர்டு கோப்போடு, வரியமைப்பு தெரிய ஒரு பி.டி.எஃபும் இணையுங்கள்.

கவிதை நூல் கெடுவது பெரும்பாலும் பக்க வடிவமைப்பில். யூனிகோடில் அடித்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ‘கௌரி’யின் ஔகாரக் குறி ‘ள’ ஆகி ‘கெளரி’ என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும். மேற்கோள் குறிகள் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். யூனிகோடிலேயே இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்வதாக இருந்தால் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நீளமான வரி மடங்கினால், மடங்கிய துண்டை இரண்டு எழுத்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதைத் தனி வரி என்றே வாசிப்பார்கள், கவிதையின் மூச்சு மாறிவிடும். பத்தி இடைவெளி பக்கத்தின் அடியில் விழுந்தால் அது மறைந்தே போகும். அந்த இடத்தில் ஒரு வரியை மேலேயோ கீழேயோ நகர்த்தச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மெய்ப்பைத் திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல், தாளில் எடுத்து ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தாளுக்குப் பாரம் என்று பெயர். ஒரு பாரம் 16 பக்கம். 96 பக்கம் என்றால் ஆறு பாரம், கணக்கு நேர். 98 ஆனால் ஏழாவது பாரத்துக்குப் போய் வெற்றுத்தாள் மிஞ்சும். இரண்டு கவிதையை எடுத்துவிடுவதே மேல். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் 96 பக்க நூலின் முதுகு நான்கரை மில்லிமீட்டர் அளவுதான் வரும். அதில் பெயரைச் சின்ன எழுத்தில்தான் போட முடியும். 64 பக்கத்துக்கு அதுவும் கஷ்டம், முதுகில் பெயர் இல்லாத நூல் கடையின் அடுக்கில் காணாமல் போகும். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். போர்டு, மேட் லேமினேஷன். நூறு பிரதிக்கு பி.ஓ.டி. (தேவைக்கேற்ப அச்சிடும் முறை) போதும். ஐந்நூறைத் தொட்டால் தகடு வைத்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். ஆனால் விற்காத முந்நூறை வீட்டில் வைக்க இடம் வேண்டும். முதல் தொகுப்புக்கு பி.ஓ.டி.யே என் தேர்வு.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நூலாசிரியரே விண்ணப்பிக்கலாம். அச்சான எண்ணைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: 13 இலக்கங்களையும் இடமிருந்து மாற்றி மாற்றி 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால், தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். மீதி வந்தால் எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற குறித்த நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது பதிப்பாளரின் கடமை. அனுப்பிய ரசீதின் நகலை வாங்கி வையுங்கள். வெளியான தேதியைப் பற்றி யாராவது கேட்டால் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை.

வாசிப்புக் கூட்டம் பற்றிச் சுருக்கமாக. பத்து நிமிடம் கொடுத்தால் நான்கு கவிதை. ஐந்தாவது எப்போதும் அடுத்தவர் நேரத்தில்தான் ஓடும். நூலிலிருந்து வாசிக்காமல் 16 புள்ளி எழுத்தில் தனித்தாளில் எடுத்துப் போங்கள், மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க அட்டையில் கிளிப் போட்டு. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் அரங்கம் எடுக்காதீர்கள். தேர் வரும் வீதியில் ஒலிபெருக்கியோடு கவிதை போட்டி போட முடியாது. வெளியீட்டு விழா என்றால் பேசுகிறவர்களுக்கு மூன்று வாரம் முன்பே நூல் போய்ச் சேரட்டும். அன்று காலையில் கொடுத்தால் அட்டைப்படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை.

பரிசுக்கு வருவோம். தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் போட்டியில் மரபுக்கவிதைக்கும் புதுக்கவிதைக்கும் தனித்தனி வகைப்பாடு உண்டு. விண்ணப்பத்தில் வகைப்பாட்டை மாற்றி எழுதினால் நூல் வேறு குவியலுக்குப் போய்விடும். ஏற்கெனவே நூலாக வந்த கவிதைகளைத் திரட்டிய முழுத்தொகுப்பைப் பல போட்டிகள் புது நூலாக எடுத்துக்கொள்வதில்லை. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்காருக்கு, விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று வயது 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பிறந்த தேதிச் சான்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான டெமி அளவில் 96 பக்க நூல் ஏறக்குறைய 120 கிராம். பத்துப் பிரதி கேட்கும் போட்டிக்குக் கட்டோடு ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். நூல்கள் அனுப்ப அஞ்சல் துறை 2025 மே முதல் கொண்டுவந்திருக்கும் ஞான் போஸ்டில் 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான் அடிப்படைக் கட்டணம். ஆனால் அது தரைவழியில் மெதுவாகப் போவது. மதிப்புரைக்கு அனுப்ப அதுவே நல்லது. கடைசித் தேதி இருக்கிற எதையும் ஸ்பீட் போஸ்டில்தான் அனுப்ப வேண்டும். ‘வந்து சேர வேண்டிய கடைசி நாள்’ என்றிருக்கிறதா, ‘அனுப்ப வேண்டிய கடைசி நாள்’ என்றிருக்கிறதா என்று அறிவிப்பை இரண்டு முறை படியுங்கள்.

குறும்பட்டியல் வந்தால் அன்றே பதிப்பாளரை அழைத்து, கையிருப்பு எத்தனை என்று கேளுங்கள். முடிவு அறிவிக்கும்வரை உள்ள இரண்டு மூன்று வாரத்தில்தான் நூலைத் தேடுவார்கள். ஐம்பது பிரதியாவது இல்லையென்றால் அந்தத் தேடல் வீணாகும். பரிசு வேறொருவருக்குப் போன பிறகு, தன்விவரக் குறிப்பில் பரிசின் பெயர், ஆண்டு, ‘குறும்பட்டியல்’ என்ற சொல் மூன்றும் இருக்கட்டும். ‘பரிசுபெற்ற’ என்று யாராவது அழைப்பிதழில் போட்டால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

ஆண்டுப் பரிசு போனதோடு நூலின் காலம் முடிவதில்லை. சாகித்திய அகாதெமியின் முதன்மை விருது, விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உள்ள ஐந்து ஆண்டுகளில் முதன்முதலாக வெளியான நூல்களைக் கணக்கில் எடுக்கிறது. 2024-இல் வந்த தொகுப்பு 2026 முதல் 2030 வரை தகுதியோடு இருக்கும். ஆனால் அதற்குள் கவிதை நூல் சந்தையில் தீர்ந்துபோகும். பரிந்துரைக்க நினைப்பவருக்கே பிரதி கிடைக்காது. மறுபதிப்பு போட்டால் ‘முதல் பதிப்பு’ வரியை எடுக்காமல், அதன் கீழே இரண்டாம் பதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுபதிப்பு இல்லையென்றால் முதல் அச்சில் இருபது பிரதியை விற்காமல் ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் உறையில் படுக்கை வசத்தில், ராமபாணப் பூச்சி அண்டாத மேல் அடுக்கில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பக்கங்களை விசிறிப் பாருங்கள்.