ஈரம் வேண்டும், புழுக்கம் வேண்டாம்

பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வகையை வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஈரப்பதத்துக்கு வந்துவிடும். அறுபது சதவீதம் நிற்கவில்லை, தோல் துண்டு துண்டாக உரிகிறது என்பார்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுவதால் இந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பலர் கையாளும் வழிதான் எனக்குக் கோபமூட்டுகிறது. கண்ணாடிப் பெட்டியின் வலை மூடியை அலுமினியத் தாளால் முழுக்கப் போர்த்தி, ஓரங்களில் டேப்பும் ஒட்டிவிடுகிறார்கள். ஈரப்பதமானி நல்ல எண்ணைக் காட்டும். கண்ணாடியில் நாள் முழுக்க நீர் வழியும். மரக்கிளையில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். கதவைத் திறந்தால் ஊசிப்போன வாடை முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றைத்தான் பாம்பு இரவும் பகலும் சுவாசிக்கிறது.

பாம்புக்கு நம்மைப்போல் உதரவிதானம், அதாவது நுரையீரலுக்குக் கீழே இருந்து மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. நுரையீரலில் சளி சேர்ந்தால் இருமி வெளியேற்ற அதனால் முடியாது. அதனால் நமக்குச் சாதாரணச் சளியாகப் போவது அதற்கு உயிராபத்தாகலாம். மூச்சில் விசில் போன்ற ஒலி, வாயோரம் நுரை, தலையை உயர்த்தி வாயைத் திறந்தே வைத்திருப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் அன்றே பேசுங்கள்.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்மை. கானா, டோகோ, பெனின் பகுதிகளில் பால் பைத்தான்கள் கரையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் தங்குகின்றன. அங்கே ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. பெட்டியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். தேங்காய் நார்த் தூளை நான்கு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி ஈரமாகவும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்கும். வயிற்றுச் செதிலும் அழுகாது.

காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். விளக்கு இருக்கும் பக்கம் 32 டிகிரி, எதிர்ப்பக்கம் 25 டிகிரி அளவில் வைத்திருக்கிறேன். சூடான காற்று மேலே எழும். எனவே சூடான பக்கத்தில் உயரத்தில் ஒரு துளைவரிசை, குளிர்ந்த பக்கத்தில் தாழ்வாக ஒன்று. பழைய காற்று மேலே வெளியேற, புதுக் காற்று கீழே தானாக நுழையும்; விசிறியே தேவையில்லை. துளைகள் பின்புறம் இருந்தால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஜன்னல் குளிர்காற்று நேராகப் படும் இடமும் ஆகாது.

நம் வீடுகளுக்கென ஒன்று சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் காற்றுதான் பெட்டிக்குள்ளும் போகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிக்கும் புகை எல்லாம் அதோடு சேர்ந்தே போகும். பூஜை அறைக்கும் சமையலறைக்கும் தள்ளியே வையுங்கள்.

நார்த் தூள் பறந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போய்விடும். பழைய பல் துலக்கியால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுவதே சரி.