அப்பத்தா பாட்டுக்குள் ஒரு கரகரப்பு

அப்பத்தாவுக்கு 84 வயது. எங்கள் குடும்பத்தில் தாலாட்டு முழுசாகத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். போன தை மாதத்திலிருந்து ஒவ்வொரு பாட்டாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டு வருகிறேன். நாலு பாட்டு முடிந்ததும் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் கர்ர்ர் என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் ஃபேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளத்தூரில் எங்களுடையது பழைய வீடு. முற்றத்தைச் சுற்றிய வளவில் தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், சுவரில் வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, மேலே எட்டாத உயரத்தில் கூரை. சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. பின்னால் இரண்டாம் கட்டுக்குள் கரண்டி விழுந்தால் முகப்பில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பட்டணத்து அறையில் காதில் விழாத ஃபேன் இங்கே பெரிதாய்க் கேட்கும்.

மைக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், அப்பத்தா குரல்தான் தேய்ந்தது. சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கினேன், குடத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. சரி என்று காரைக்குடியில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனால், கேபினெட்டைத் திறக்காமலே "எஸ்எம்பிஎஸ் போச்சுக்கா, மாத்திடலாம்" என்றார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. மனசு ஒப்பவில்லை. எந்த ஃபேன் கத்துகிறது என்றே பார்க்காமல் எதை மாற்றுவது?

வீட்டுக்கு வந்து நானே பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மூன்று ஃபேன்: ப்ராசஸர் மேல் ஒன்று, பின்பக்கம் 120 மில்லிமீட்டரில் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று. பழைய மாதக் காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இறக்கையில் படாமல் ஒவ்வொரு ஃபேன் பக்கமும் நீட்டினேன். இதைவிட நல்ல கருவி தேவையில்லை. கேட்கக் கேட்க இரண்டு சத்தம் தனித்தனியாகப் பிரிந்தது. ப்ராசஸர் பக்கம் உஷ்ஷென்று காற்றுச் சத்தம். பின்பக்கம் கரகரவென்று அரைக்கிற சத்தம். காலையில் முதல் தடவை போடும்போது இந்த அரைப்பு அதிகமாகவும், கொஞ்சம் சூடேறியதும் குறைவாகவும் இருந்தது. பேரிங்கில் எண்ணெய் வற்றினால் அப்படித்தான். உறுதி செய்துகொள்ள, கரண்ட்டை நிறுத்தி, பின்பக்க ஃபேனின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். கரகரப்பு இல்லை. (ப்ராசஸர் ஃபேனை இப்படிப் பிடுங்கி ஓட்டக் கூடாது.) எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்திருந்தாலும் அதை நான் திறந்திருக்க மாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

உஷ் சத்தத்துக்குக் காரணம் தூசி. முற்றம் திறந்து கிடக்கிற வீடு, செம்மண் பூமி. ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சிவப்பாகக் கம்பளி விரித்தது போல அடைத்திருந்தது. காற்று போகாது, சூடு ஏறும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். முற்றத்தில் வைத்து பிரஷ்ஷால் தள்ளி, புளோயரால் ஊதினேன். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும்.

அப்புறம் பின்பக்க ஃபேன். கழற்றிக் கவிழ்த்து, நடுவிலிருந்த வட்ட ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் மிளகு அளவுக்கு ஒரு ரப்பர் மூடி. அதையும் எடுத்தால் குழிக்குள் கறுப்பாய், காய்ந்த மை போல ஏதோ ஒட்டிக்கிடந்தது. அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். வேண்டாம்மா, மார்கழியில் உறைந்துவிடும், தூசியும் ஒட்டும் என்று சொல்லிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயில் இரண்டே சொட்டு விட்டு விரலால் சுற்றினேன். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

மூன்று வாரம் நிம்மதி. நாலாம் வாரம் மறுபடி கரகரப்பு. பேரிங் தேய்ந்த பிறகு எண்ணெய் தாங்காது, முதலிலேயே புதுசு வாங்கியிருக்கலாம். வேறு கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் நல்ல பேரிங் உள்ள ஃபேன் கிடைத்தது. ஃபேன் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும், அந்தப் பக்கத்தை வெளியே பார்க்க வைத்து மாட்டினேன். ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் பின். அதிர்வு தகட்டுக்குப் போகாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் செட்டிங்கில் போய் வேகத்தையும் குறைத்தேன். வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். சூடு ஏறுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன், ஏறவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த நாலு பாட்டையும் திரும்பப் பாடச் சொன்னேன். "முன்னாடியே பாடிட்டேனே ஆத்தா" என்றார், ஆனால் பாடினார். ராத்திரி ஹெட்போனில் கேட்டேன். இரண்டாவது பாட்டு முடிந்த இடத்தில், வெற்றிலை உரலை மடிக்கு இழுத்து டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டுகிறார். அந்தச் சத்தத்தை நான் வெட்டி எடுக்கப் போவதில்லை.