தேக்கில் ஒரு தபால் பெட்டி: இதுவரை செய்தது

கேட்டில் மாட்டியிருந்த தகரப் பெட்டியின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர ஆரம்பித்ததும், இந்தத் தடவை மரத்தில் நானே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டேன். தகரம் மார்கழி இரவில் சட்டென்று குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். காலையில் கடிதங்கள் நமுத்துக் கிடக்கும். சித்திரையில் கை வைத்தால் சுடும். இரும்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூட மரம் கடத்தாது. காகிதத்துக்கு அதுதான் நல்ல இடம்.

பழைய மரக்கடையில் ஒரு தேக்குக் கதவின் பலகைகள் கிடைத்தன. பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பெயின்டை இழைத்து எடுத்ததும் தேக்கு வாசனை அப்படியே கிளம்பியது. கரையான் லேசில் அண்டாததற்கு அந்த எண்ணெய்ப்பசையும் ஒரு காரணம். ஆனால் தேக்கில் சிலிக்கா உண்டு. இழைப்புளித் தகடு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஏ4 கவர் மடங்காமல் உள்ளே போக வேண்டும் என்பதால் வாய் 25 செ.மீ. அகலம், பெட்டி 36 செ.மீ. உயரம்.

அதிக நேரம் எடுத்தது கூரைதான். ஐப்பசி மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும். கூரைப் பலகையைச் சரிவாக வைத்து முன்பக்கம் 5 செ.மீ. நீட்டியிருக்கிறேன். அதன் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு காடி, அதாவது மெல்லிய பள்ளம், இழுத்தேன், சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் விடுவாரே அதேபோல. ஓடிவரும் தண்ணீர் காடியைத் தாண்டாமல் அங்கேயே சொட்டிவிடும். குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், வாய்ப்பக்கம் ஒரு துளி வரவில்லை. நார் முடிகிற முனைகள்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே மட்டும் எண்ணெயை ஊற ஊறத் தடவினேன்.

திருகாணி எல்லாம் பித்தளை. இரும்பு போட்டால் ஈரத்தில் தேக்கைச் சுற்றிக் கறுப்புக் கறை பிடிக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால் பெட்டிக் கதவைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி விட்டேன்.

வார்னிஷ் வெயிலில் உரியும்; அதனால் ஆளிவிதை எண்ணெய்தான் பூசினேன். வருஷா வருஷம் ஒரு கை பூசினால் போதும். அப்புறம் ஒன்று, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

பூட்டும், வீட்டுக் கதவு எண்ணும் பாக்கி. துண்டுப் பலகையில் 7 செதுக்கிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. 3-இன் வளைவுக்கு அரைவட்ட உளி வேண்டும், அதை வாங்கிவிட்டுத்தான் முகப்புப் பலகையில் கை வைப்பேன்.