செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு எண்கள்

2017ஆம் ஆண்டு கொழும்பில் வேலை செய்த எந்த ஆய்வுகூடக்காரருக்கும் அந்த ஜூன், ஜூலை மாதங்கள் மறக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவு செய்தார்கள். மாவட்டங்களில் கொழும்புதான் முதலிடம். எங்கள் மேசையில் எஃப்பிசி, அதாவது இரத்தக் கலங்களை எண்ணுகிற பரிசோதனைக்கான குழாய்கள், தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடக்கும். ஒரு தட்டு முடிவதற்குள் வார்ட்டில் இருந்து இரண்டு தட்டு வந்து சேரும். வாசலில் நிற்கிற அம்மாமார் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" இரத்தம் உறைய உதவுகிற சின்னக் கலங்கள் அவை; டெங்குவில் குறைந்துபோகும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7 வயதுப் பையன் ஒருவனின் இரத்தம் வந்தது. மெஷின் காட்டிய பிளேட்லெட் எண்ணிக்கை 22,000. சாதாரணமாக ஒருவருக்கு 150,000 முதல் 450,000 வரை இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் மகனுக்கும் அப்போது அதே வயது. "பிள்ளையாரப்பா, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று" என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போட்டு வார்ட்டுக்கு அனுப்பினேன்.

மாலை 3 மணிக்கு அதே பையனின் அடுத்த குழாய் வந்தது. இந்த முறை எண் 168,000.

வார்ட்டில் ஒரே சந்தோஷம். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த குடும்பம் அது. சைவக்காரர்கள்தான். ஆனாலும் காலையில் எண்ணைக் கேட்டவுடன், தங்கையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அம்மா நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஓடியிருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் பௌத்தர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெழுகுதிரி கொளுத்தி அழுதுவிட்டு வந்திருக்கிறார். வந்து இரண்டாவது எண்ணைக் கேட்டதும் கைகூப்பிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். தொலைபேசியில் இதைச் சொன்ன தாதிக்கும் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது. நானும் கும்பிட்டேன் அல்லவா?

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மூத்த அக்கா இருந்தார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதைப் பற்றிச் சத்தம் போட்டதும் இல்லை, ஒளித்ததும் இல்லை. இரண்டு அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஐந்து மணித்தியாலத்தில் இப்படி ஏறாது தம்பி. காலைக் குழாயைத் தேடி எடுங்க."

எடுத்தேன். மூடியைத் திறந்து மரக்குச்சியால் மெதுவாகத் துழாவினேன். குச்சி நுனியில் கடுகளவு இரத்தக் கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எஃப்பிசி குழாய்க்குள் ஈடிடிஏ என்ற மருந்து இருக்கும். இரத்தம் உறையக் கல்சியம் வேண்டும். அந்தக் கல்சியத்தை ஈடிடிஏ பிடித்து வைத்துக்கொள்வதால் இரத்தம் உறையாமல் இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு நாளம் பிடிப்பது கஷ்டம். இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கி, உடனே குழாயைக் கவிழ்த்துக் கலக்காமலும் விட்டால், உள்ளே ஒரு சின்னக் கட்டி உண்டாகிவிடும். பிளேட்லெட்டுகள் எல்லாம் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். மெஷினுக்கு இது தெரியாது. வாலஸ் கூல்டர் என்ற அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் அது எண்ணுகிறது. உப்புக் கரைசலில் மிதக்கும் கலங்கள் ஒரு நுண்ணிய துளையால் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்னோட்டம் ஒரு கணம் தடைப்படும். தடை எவ்வளவு பெரிதோ கலமும் அவ்வளவு பெரிது. துளைக்கு வந்ததைத்தான் அது எண்ணும். கட்டிக்குள் இருப்பதை எண்ணாது.

ஆகவே குறைந்த எண் வந்தால் முதலில் குச்சி. அதன்பின் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணெய் வில்லையில் ஒரு பார்வைப் பரப்பில் தெரிகிற ஒவ்வொரு பிளேட்லெட்டுக்கும் ஏறக்குறைய 15,000 என்று கணக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அக்கா எனக்குப் பழக்கியது இது. எவ்வளவு நெரிசல் என்றாலும் அவர் ஒரு குழாயைக்கூட இப்படிப் பார்க்காமல் விட்டதில்லை. நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை தவறாமல் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போய்வருகிற நான், அன்று பார்க்கவில்லை. குச்சியை விட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில்தான் கும்பிட்டேன்.

இதை நினைத்து எத்தனையோ இரவு தூக்கம் வரவில்லை. கும்பிட்டது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. செய்ய வேண்டிய வேலை இருந்த இடத்தில் அந்தக் கும்பிடை வைத்தேனே, அதுதான் பிழை.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன். ஜார்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியாரைப் பற்றி அறிந்தது அப்படித்தான். பிரபஞ்சம் விரிந்துகொண்டு போகிறது என்று 1927இல் கணித்துக் காட்டியவர். 1931இல், எல்லாமே ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். பெருவெடிப்புக் கொள்கைக்கு அதுதான் வித்து. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பியூஸ், இறைவனின் படைப்புக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்கிற பாணியில் பேசினார். ஒரு பாதிரியார் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கத்தானே வேண்டும்? லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இதை வாசித்தபோது எனக்கு அந்த 22,000தான் ஞாபகம் வந்தது. ஓர் எண்ணின் மேல் கடவுளைத் தூக்கி வைத்தால், எண் பிழை என்று தெரிகிற நாளில் அவரையும் கீழே இறக்க வேண்டி வரும். அவரை அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நாள் தேநீர் நேரத்தில் அக்கா ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2006இல் வெளியானது, ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவர் தலைமையில் செய்தது. இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். தமக்காகச் செபிப்பார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், செபம் கிடைத்த பிரிவில் 52 சதவீதத்தினருக்கும், கிடைக்காத பிரிவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. செபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பிரிவில் 59 சதவீதம். கேட்டதும் எனக்கு முகம் வாடிவிட்டது. உடனே ஒரு பதிலும் தோன்றியது: ஒவ்வொரு காலையும், விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டிச் சரிபார்த்த பிறகுதானே நாங்கள் மெஷினை நம்புகிறோம்? செபத்துக்கு ஏது கன்ட்ரோல்? அந்த நோயாளிகளுக்காக அவரவர் வீட்டில் யார் யார் அழுதார்களோ, அதை யார் நிறுத்த முடியும்?

பதில் சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முடிவு மறுபக்கமாக வந்திருந்தால் இதே கேள்வியை நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். அந்தத் தாளைப் பிரதி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பேன். இதை அக்காவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

சரி, அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். திருத்திய அறிக்கையை அன்று மாலையே கொடுத்தேன். டொக்டர் கோபப்பட்டார், கோபப்படத்தான் வேண்டும். நல்ல காலம், அந்த எண்ணை நம்பிப் பிள்ளைக்கு எதையும் ஏற்றியிருக்கவில்லை. அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று வார்ட்டில் ஒருவர் கேட்டார். அவர் அந்தோனியார் என்று நம்பி நிம்மதியாக இருக்கிறார், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று. எனக்கும் அந்த வழியில் போக ஆசையாகத்தான் இருந்தது. என் பிழை ஓர் அற்புதத்துக்குள் மறைந்து போயிருக்கும். ஆனால் அந்தோனியாரின் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வதா? டொக்டரோடு போய் நானே சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஐஞ்சு மணித்தியாலம் நான் செத்துப் பிழைச்சது போனதுதானே தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் பையனுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும்போது ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். "செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவன். நான் கேட்டது பிள்ளையைத்தான், எண்ணை இல்லை" என்று சொல்லிவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில் குண்டு என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அந்த இருவரின் முகங்கள்தான். லீவில் இருந்த நான் வேலைக்கு ஓடினேன். பெயர் தெரியாதவர்களின் குழாய்கள் வெறும் இலக்கத்தோடு வந்துகொண்டிருந்தன. அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு குழாயையும் கையில் எடுக்கும்போது உள்ளுக்குள் கும்பிட்டேன். கும்பிட்டுக்கொண்டே சாய்த்துப் பார்த்தேன், கட்டி இருக்கிறதா என்று.