ஐடிஓ1: ஹீம் கைவிட்டால் எல்லாம் கைவிடும்

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை அடக்கும் ஐடிஓ1 நொதியைத் தயாரிக்கும்போது முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். ஈ. கோலை செல்களின் வண்டல் செம்பழுப்பாக இருக்க வேண்டும். அந்த நிறத்தைத் தருவது நொதிக்குள் இருக்கும், இரும்பு கொண்ட ஹீம். வெளுத்திருந்தால் புரதம் இருக்கும், ஹீம் இருக்காது. புரத உற்பத்தியைத் தூண்டும்போதே ஹீமின் மூலப்பொருளான டெல்டா அமினோலெவுலினிக் அமிலத்தை 0.5 மில்லிமோலார் சேர்த்து, 20–25 டிகிரியில் மெதுவாக வளர்க்கிறோம். 37 டிகிரியில் அவசரப்பட்டால் ஹீம் உற்பத்தி பின்தங்கிவிடும்.

அடுத்த கண்ணி இமிடசோல் என்ற சிறு மூலக்கூறு. சுத்திகரிப்புக்காக நிக்கல் பிசினில் ஒட்டவைத்த நொதியைப் பிரித்தெடுக்க அதைத்தான் ஊற்றுகிறோம். அதுவோ ஹீமின் இரும்பிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. 2006இல் வெளியான முதல் படிக அமைப்பிலும் இரும்பைப் பிடித்திருந்தது அதன் உறவுக்கார மூலக்கூறான 4-ஃபீனைல் இமிடசோல்தான்! டீசால்ட்டிங் (சிறு மூலக்கூறுகளைப் பிரித்து நீக்கும் முறை) செய்து இமிடசோலை முழுக்க நீக்கியபின் நிறமாலை எடுங்கள். இரும்பு ஃபெரிக் (Fe³⁺) நிலையில் இருக்கும்போது ஒளி உறிஞ்சல் உச்சம் 404–406 நானோமீட்டரில் நிற்க வேண்டும். அதைவிட நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருந்தால் இமிடசோல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். 404 நானோமீட்டர் உறிஞ்சலுக்கும் 280 நானோமீட்டர் உறிஞ்சலுக்கும் உள்ள விகிதம் குறைவென்றால் ஹீம் இல்லாத நொதியோ வேறு புரதமோ கலந்திருக்கிறது.

செயல்பாட்டுச் சோதனைக்கு: 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் (பிஎச் 6.5), 20 மில்லிமோலார் அஸ்கார்பேட், 10 மைக்ரோமோலார் மெத்திலீன் நீலம், கொஞ்சம் கேட்டலேஸ், 100 மைக்ரோமோலார் எல்-டிரிப்டோஃபேன். இரும்பு ஃபெரஸ் (Fe²⁺) நிலைக்கு இறங்கினால்தான் நொதி ஓடும். அஸ்கார்பேட்டும் நீலமும் அதற்குத்தான். டிரிப்டோஃபேனைத் தாராளமாக ஊற்றினால் வேகம் கூடாது, குறையும். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் வினையை நிறுத்தி, 65 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால், நொதி உருவாக்கிய ஃபார்மைல் கைனுரெனின் கைனுரெனினாகும். வீழ்படிவை மையவிலக்கில் நன்றாக இறக்கிவிட்டு கைனுரெனினோடு மஞ்சள் நிறம் தரும் எர்லிக் வினைபொருளைச் சேர்த்து 480 நானோமீட்டரில் அளக்கலாம். கலங்கல் மிஞ்சினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். இன்னொன்று: மெத்திலீன் நீலத்தின் ஆக்ஸிஜனேற்றச் சுழற்சியில் குறுக்கிடும் சேர்மமும் நல்ல தடுப்பான்போல வேஷம் போடும்.

வடிவத்துக்கு வருவோம். செயல்மையத்தின் வாயில் ஜேகே வளையம் என்ற நெகிழ்வான புரதப் பகுதி (360 முதல் 382 வரையிலான அமினோ அமில எச்சங்கள்) ஆடிக்கொண்டே இருக்கிறது. முதல் படிக அமைப்பில் அதன் பெரும்பகுதி தெரியவே இல்லை. ஹீமும் நிரந்தரக் குடித்தனக்காரர் இல்லை. 37 டிகிரியில், குறிப்பாக ஃபெரஸ் நிலையில், கழன்றுபோகும். அந்தக் காலியிடத்தில் புகுவதுதான் லின்ரோடோஸ்டாட் என்ற ஐடிஓ1 தடுப்பான். அதை நொதியோடு கலந்த உடனே அளந்தால் சோப்ளாங்கி மருந்தாகத் தெரியும். 37 டிகிரியில் சில மணி நேரம் ஊறவிட்டு அளந்தால்தான் அதன் உண்மையான பலம் தெரியும்.